அஞ்சலட்டையும் ஆய்வேடும்

பண்பாட்டிடை உறவுகள் என்ற துறையில் முதுகலை படிக்கும் ஒருவர், படிப்பின் நடுவிலேயே வெளிநாடு சென்று 27 மாதங்கள் தொண்டராக இருந்து, திரும்பி வந்து ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறுவதற்கான ஏற்பாடு அமெரிக்காவில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருந்தது. அதன் பெயர் 'மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல்'. அமெரிக்க அரசின் பீஸ் கோர் நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய இந்தத் திட்டம் 1987-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கேம்டன் வளாகத்தில் தொடங்கியது. பின்னர் எண்பதுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்களுக்குப் பரவி, 2016-ல் முடிவுக்கு வந்தது. பொதுச் சுகாதாரம், வனவியல், பொது நிர்வாகம், ஆங்கிலம் கற்பித்தல் எனப் பல துறைகள் இதில் இடம்பெற்றன. அந்தத் துறைகளுக்கெல்லாம் களம் என்பது படித்ததைச் செய்து பார்க்கும் இடம். வனவியல் படித்தவர் பராகுவேயில் மரக்கன்று நடும்போது அந்த ஊராரோடு அவருக்கு ஒட்டாமல் போனாலும் மரத்தைப் பற்றிய அவருடைய அறிவு குறைந்துவிடாது. பண்பாட்டிடை உறவுகளைப் படிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஊராரோடு ஒட்டுவதும் ஒட்டாமல் போவதும்தான் அவருடைய பாடம். வாழும் இடமும் ஆராயும் பொருளும் ஒன்றாகிவிடுவதால் மற்றவர்களுக்கு நேராத சில சிக்கல்கள் அவருக்கு நேர்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. பீஸ் கோர் என்பதை 'அமைதிப் படை' என்று தமிழில் எழுதுவது எளிது. ஆனால் 1987 முதல் 1990 வரை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழருக்கு அந்தச் சொல் துப்பாக்கியோடு வந்த இந்தியப் படையைக் குறிக்கும். அகராதியில் சரியாக இருக்கும் ஒரு சொல் கேட்பவரின் நினைவில் வேறொன்றாக விழுவதும் இத்துறை ஆராயும் செய்திகளில் ஒன்று. எனவே இங்கே பீஸ் கோர் என்றே வழங்கப்படுகிறது.

இத்துறையின் தொடக்கம் பல்கலைக்கழகத்தில் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வெளியுறவுத் துறை, தன் தூதரக அதிகாரிகளுக்குப் பயிற்சி தர 'ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிட்யூட்' என்ற பள்ளியை நிறுவியது. 1950-களின் முதற்பாதியில் மானிடவியலாளர் எட்வர்டு டி. ஹால் அங்கே பாடம் நடத்தினார். இளமையில் நவஹோ, ஹோப்பி மக்களிடையே பணிபுரிந்தவர் அவர். குலமுறை, சடங்கு, தொன்மம் என மானிடவியல் வழக்கமாகப் பேசும் பொருள்களை அதிகாரிகள் ரசிக்கவில்லை. அடுத்த மாதம் டெஹ்ரானுக்கோ போகோட்டாவுக்கோ போகிறவருக்கு அங்கே போய் என்ன செய்வது என்பதுதான் கவலை. அந்த நெருக்கடியில் ஹால் மொழியியலாளர் ஜார்ஜ் டிரேகரோடு சேர்ந்து சிறிய பொருள்களின் பக்கம் திரும்பினார். பேசும்போது இருவருக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, காத்திருக்க வைப்பதற்கு ஒரு நாட்டில் என்ன பொருள், எவ்வளவு நேரத் தாமதம் அவமதிப்பாகிறது என்பவை பாடமாயின. இந்த அனுபவத்திலிருந்து 1959-ல் வந்த 'தி சைலன்ட் லாங்குவேஜ்' நூலை இத்துறையின் தொடக்க நூலாகக் கருதுகிறார்கள். மாணவர்களின் அதிருப்தியே ஒரு துறைக்கு வழிவிட்டது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

இன்னொரு கிளை வெர்மான்ட் மாநிலத்தில் வளர்ந்தது. 1932-ல் டொனால்டு வாட் என்பவர் அமெரிக்க இளைஞர் சிலரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று, ஐரோப்பிய இளைஞர்களோடு முகாமில் தங்கவைத்தார். பல நாட்டினரையும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் நட்பு தானாக வரும் என்ற நம்பிக்கை முகாமில் பலிக்கவில்லை. அவரவர் மொழிக்காரரோடு அவரவர் கூடிக்கொண்டார்கள். அதன்பின் ஒவ்வோர் இளைஞரும் ஒரு குடும்பத்தின் வீட்டில் தனியாகத் தங்கும் முறை வந்தது. ஒரே அமெரிக்கராக ஒரு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கும்போது பேசித்தான் ஆக வேண்டும். 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்ற அந்த அமைப்பின்வழி 1930-களில் ஜெர்மனி சென்று வந்த மாணவர்களில் ஒருவர் சார்ஜென்ட் ஷ்ரைவர். 1961-ல் பீஸ் கோரின் முதல் இயக்குநரானவர் அவரே. அந்த அமைப்பு 1964-ல் பிராட்டில்பரோவில் தொடங்கிய 'ஸ்கூல் ஃபார் இன்டர்நேஷனல் டிரெய்னிங்' முதலில் பீஸ் கோர் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்து, பின்னர் முதுகலைப் பட்டங்களும் வழங்கியது. வளாகத்தில் ஏறத்தாழ ஓராண்டு, களத்தில் ஒரு நீண்ட பணி, அதன்பின் அந்தப் பணியைப் பற்றிய ஓர் ஆய்வறிக்கை என்ற மூன்றடுக்கு வடிவம் அங்கே உறுதிப்பட்டது. மாசசூசெட்ஸின் லெஸ்லி பல்கலைக்கழகம், கலிஃபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலும் பண்பாட்டிடை உறவுகளுக்கென முதுகலைப் படிப்புகள் வந்தன.

பீஸ் கோர் 1961 மார்ச் 1-ல் அதிபர் கென்னடியின் ஆணையால் பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் குழு கானாவில் இறங்கியது. அக்டோபரில் நைஜீரியாவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. இபதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சியிலிருந்த ஒரு தொண்டர், அமெரிக்காவிலுள்ள நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். தெருவிலேயே சமைத்து, விற்று, வாழும் மக்களையும் நகரின் அழுக்கையும் கண்டு அதிர்ந்துபோனதை அதில் சொல்லியிருந்தார். அட்டை கை தவறி விழுந்தது. ஒரு நைஜீரிய மாணவர் கையில் கிடைத்தது. படியெடுக்கப்பட்டு வளாகமெங்கும் பரவியது. விடுதலை பெற்று ஓராண்டே ஆன நாட்டின் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். உணவுக்கூடத்தில் அமெரிக்கர்களோடு உட்கார மறுத்தார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டு நாடு திரும்பினார். மற்றவர்கள் தங்கி, மெல்ல மெல்ல அந்த மாணவர்களோடு மறுபடி பேச்சைத் தொடங்கினார்கள்.

அந்த அஞ்சலட்டையை ஒரு தனிமனிதரின் பிழையாக ஒதுக்கிவிட முடியாது. எழுதியவர் நன்றாகப் படித்தவர்; நைஜீரியாவின் வரலாறும் அரசியலும் கற்பிக்கப்பட்டுத்தான் அனுப்பப்பட்டார். அட்டையில் வெளிப்பட்ட அதிர்ச்சி வந்திறங்கிய எவருக்கும் வரக்கூடியது. அந்த ஊராரைப் பற்றி எழுதும்போது அவர்கள் படிக்க மாட்டார்கள் என்ற எண்ணம்தான் அதில் ஆழமான பிழை. நைஜீரிய மாணவர்கள் ஆங்கிலத்தில் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் வாசகர்களாக இருக்கக்கூடும் என்பது எழுதும் கைக்குத் தோன்றவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களே படித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி, பின்னாளில் படிப்பையும் தொண்டையும் இணைத்த எல்லா ஏற்பாடுகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது.

தொடக்க ஆண்டுகளின் பயிற்சி பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் நடந்தது. நாட்டின் வரலாறு, மொழி, பொருளாதாரம், அமெரிக்க வெளியுறவுக் கொள்கை என்று பாடங்கள் நிரம்பியிருந்தன. போர்ட்டோரிக்கோவின் அரெசிபோ நகருக்கருகே ஒரு முகாமும் இருந்தது. அங்கே பாறை ஏறவும் நீரில் மிதக்கவும் பழக்கினார்கள். உடல் துணிவு வந்தால் மனத்துணிவும் வரும் என்ற கணக்கு. 1967-ல் ரோஜர் ஹாரிசனும் ரிச்சர்டு ஹாப்கின்ஸும் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பல்கலைக்கழகப் பாணியை அடிப்படையிலேயே கேள்விக்குட்படுத்தியது. வகுப்பறை எதைப் பாராட்டுகிறது, களம் எதைக் கேட்கிறது என்று இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். வகுப்பறையில் கேள்வியை ஆசிரியர் கேட்கிறார். களத்தில் எது கேள்வி என்றே தொண்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பறை எழுத்தையும் தருக்கத்தையும் மதிக்கிறது. களத்தில் முகக்குறிப்பும் மௌனமும் நம்பிக்கையும் பேசுகின்றன. வகுப்பறையில் உணர்ச்சியிலிருந்து விலகி நிற்பது நல்ல மாணவரின் இலக்கணம். களத்தில் விலகி நிற்பவரை யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. தகவல் முழுதும் கிடைக்கும்வரை முடிவெடுக்காமல் இருப்பது ஆய்வாளருக்கு அழகு. கிணற்று மோட்டார் பழுதாகிக் கிடக்கும் ஊரில் அது பயன்படாது.

அந்தக் கட்டுரையின் தாக்கத்தை மிகைப்படுத்திச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடுத்த பத்தாண்டில் பீஸ் கோர் பயிற்சி வளாகங்களைவிட்டு நகர்ந்தது. போகும் நாட்டிலேயே, அந்நாட்டு ஆசிரியர்களிடம், அந்நாட்டுக் குடும்பங்களின் வீட்டில் தங்கி மூன்று மாத அளவில் பயிற்சி பெறுவது வழக்கமாயிற்று. மொத்தம் 27 மாதங்கள் என்ற கணக்கு இப்படி வருகிறது: மூன்று மாதம் பயிற்சி, இரண்டு ஆண்டு பணி. பயிற்சி வளாகத்தைவிட்டு வெளியேறிய காலத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகமே மறுபடி பீஸ் கோரிடம் வந்து சேர்ந்ததுதான் மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல்.

அதற்கொரு காரணம் இருந்தது. 1960-களின் தொண்டர்களில் பெரும்பாலோர் வரலாறு, இலக்கியம், அரசியல் படித்து அப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். 1961 முதல் 1976 வரை பீஸ் கோர் இயங்கிய இந்தியாவிலும் அப்படித்தான். கோழி வளர்ப்பிலும் வேளாண்மையிலும் ஆலோசகராக வந்தவர்களில் பலர் சில மாதப் பயிற்சிக்கு முன்னால் கோழிப் பண்ணையைப் பார்த்திராதவர்கள். தலைமுறை தலைமுறையாக நெல் விதைத்தவருக்கு இலக்கியப் பட்டதாரி வேளாண்மை சொல்லித்தர வந்தது இரு பக்கத்துக்கும் சங்கடம். காலப்போக்கில் வரவேற்கும் நாடுகள் துறை அறிவுள்ளவர்களை அனுப்புமாறு கேட்கத் தொடங்கின. முதுகலை மாணவர்களைச் சேர்க்கும் திட்டம் அந்தக் கோரிக்கைக்குப் பதிலாக வந்தது. பண்பாட்டிடை உறவுகள் படித்தவரின் நிலை இங்கே விசித்திரமானது. மருத்துவச்சி வேண்டும், கணித ஆசிரியர் வேண்டும், நீர்ப் பொறியாளர் வேண்டும் என்று ஒரு நாடு கேட்கும். பண்பாட்டிடை உறவு வல்லுநரை அனுப்புங்கள் என்று கேட்காது. அவர் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகவோ இளைஞர் மன்றத்துக்கு உதவியாளராகவோ சமூக மேம்பாட்டுப் பணியாளராகவோதான் போக முடியும். அவர் படித்த படிப்பு ஊரின் தேவைப் பட்டியலில் இல்லை. அதை அவர் உணர்ந்து போவது நல்லது. ஏனென்றால் அந்தப் படிப்பு யாருக்குப் பயன்படப் போகிறது என்ற கேள்வி அவரைவிட்டு நீங்காது.

வளாகத்தின் முதலாண்டில் என்ன படிக்கிறார்கள்? பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்து கட்டாயம் வரும். அச்சொல்லைப் பரப்பிய கலெர்வோ ஓபெர்க் பிரேசிலில் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தில் பணியாற்றிய மானிடவியலாளர். 1954-ல் ரியோ டி ஜெனீரோவில் ஒரு பெண்கள் மன்றத்தில் அவர் ஆற்றிய உரை இத்துறையின் மூலப்பாடங்களில் ஒன்று. ஓயாமல் கை கழுவுவது, குடிநீரைப் பற்றிய அளவுமீறிய பயம், சொந்த நாட்டவரோடு மட்டும் ஒட்டிக்கொள்வது என அவர் கூறிய அறிகுறிகள் இன்றும் எந்த வெளிநாட்டுக் குடியிருப்பிலும் காணக்கூடியவை. அடுத்த ஆண்டு ஸ்வெர்ரே லிஸ்கார்டு, அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் உதவித்தொகையில் வந்துபோன நார்வேக்காரர்களை ஆராய்ந்து, ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம்வரை தங்கியவர்களே மிகவும் தவித்தார்கள் என்றும், அதற்குக் குறைவாகவோ கூடுதலாகவோ தங்கியவர்கள் அவ்வளவு தவிக்கவில்லை என்றும் கண்டார். பிற்கால ஆய்வுகள் இந்த முடிவை ஐயத்தோடுதான் பார்த்தன. வந்திறங்கிய முதல் வாரங்களே பலருக்கு மிகக் கடுமையானவை. ஆனாலும் ஒன்று நிற்கிறது. ஒரு பருவ அளவுக்கு மட்டும் வெளிநாடு போகும் மாணவர், தவிப்பு முற்றும் வேளையில் விமானம் ஏறிவிடுகிறார். 27 மாதம் இருப்பவருக்கு அந்தத் தப்பித்தல் கிடையாது. தவிப்பின் மறுகரையை அவர் கண்டாக வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டு வர வேண்டும்.

பண்பாட்டு வேறுபாட்டை ஒருவர் எதிர்கொள்வதில் மில்டன் பென்னட் 1986-ல் முன்வைத்த ஆறு நிலைகளும் அந்த ஆண்டில் படிக்கப்படும். மறுப்பு, தற்காப்பு, சிறிதாக்கல், ஏற்பு, தகவமைவு, ஒருங்கிணைவு என்று அவை செல்லும். பென்னட்டே மைக்ரோனேசியத் தீவுகளில் பீஸ் கோர் தொண்டராக இருந்தவர். ஆறில் மூன்றாவதுதான் ஆழமானது. எல்லாரும் மனிதர்தானே, அடியில் எல்லாரும் ஒன்றுதானே என்ற பரந்த மனத்தை அவர் வளர்ச்சியின் முடிவாக வைக்கவில்லை. பாதி வழியில் வைத்தார். 'எல்லாரும் ஒன்று' என்று சொல்பவர் பெரும்பாலும் எல்லாரும் தன்னைப் போலவே என்று எண்ணுகிறார். நல்ல நெஞ்சத்தோடு வரும் தொண்டர்கள் அதிகம் தங்கிவிடும் படியும் இதுதான்.

ஹெர்ட் ஹோஃப்ஸ்டெடேயின் அளவீடுகளும் பாடத்திட்டங்களில் பரவலாக உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் திரட்டிய வினாத்தாள்களிலிருந்து, நாடுகளை அதிகார இடைவெளி, தனிமனித நோக்கு என எண்களால் வரிசைப்படுத்தியவர் அவர். கிராமத்துக்குப் போகும் தொண்டருக்கு இந்த எண்கள் உதவுவதைவிடக் கெடுதல் செய்யும் வாய்ப்பு அதிகம். ஊர் ஒரு நாடாக நடந்துகொள்வதில்லை. ஒரே தெருவில் கிணறுள்ள வீடும் கிணறில்லாத வீடும் இருக்கும். மாமியாரும் மருமகளும் ஒரே கேள்விக்கு ஒரே வீட்டில் வேறு வேறு பதில் வைத்திருப்பார்கள். சராசரியைத் தெரிந்துகொண்டு போனவர் எதிரே நிற்பவரின் பேச்சில் சராசரியைத் தேடுவார்.

இதற்கு மாற்றாக, பீஸ் கோரே 1990-களில் ஏற்றுக்கொண்ட கூட்டுப் பகுப்பாய்வு முறை மேலானது. ஊரின் வரைபடத்தை ஊராரே தரையில் வரைவது, பருவக் காலண்டர் போடுவது, ஒரு நாளின் வேலைகளை மணிவாரியாகச் சொல்வது, தேவைகளை வரிசைப்படுத்துவது ஆகியவை அதன் கருவிகள். ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்கார்ந்து வரைவார்கள். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைக்கும்போது ஒரே ஊரில் இரண்டு ஊர் இருப்பது தெரியும். இவ்வகை முறைகளைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ராபர்ட் சேம்பர்ஸ். 1970-களில் தமிழ்நாட்டின் வட ஆற்காட்டிலும் இலங்கையிலும் நெல் சாகுபடியைப் பற்றி நடந்த ஆய்வில் பங்குகொண்டவர் அவர். வெளியிலிருந்து வருபவர்கள் தார்ச்சாலை ஓரத்து ஊர்களையே பார்க்கிறார்கள், மழை விட்டபின் வறண்ட மாதங்களிலேயே வருகிறார்கள், அதனால் பசியும் நோயும் கடன்சுமையும் உச்சத்தில் இருக்கும் மழைக்காலத்தைக் காண்பதே இல்லை என்று 1983-ல் வெளியான நூலில் அவர் எழுதினார். 27 மாதம் என்ற கால அளவின் பெரும் நியாயம் இங்கே இருக்கிறது. அவ்வளவு காலம் இருப்பவர் இரண்டு மழைக்காலங்களைக் கடக்கிறார். சேறு கிடக்கும் பாதையில் பள்ளிக்கு நடக்கிறார். முதல் ஆண்டில் தவறாகப் புரிந்துகொண்ட திருவிழாவை இரண்டாம் ஆண்டில் மறுபடி பார்க்கிறார்.

களத்தில் அவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. தொண்டர் என்ற முறையில் பள்ளிக்கும் ஊருக்கும் உடன் பணிபுரியும் உள்ளூர்க்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும். மாணவர் என்ற முறையில் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள ஆய்வுக்குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாடும் இடமும் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லாமல் இருந்ததால், புறப்படும்முன் தீட்டிய ஆய்வுத் திட்டம் போய்ச் சேர்ந்த ஊருக்குப் பொருந்தாமல் போவது இயல்பு. அதில் தீமை ஒன்றுமில்லை. பொருந்தாத திட்டத்தைக் கைவிட்டு, ஊரிலிருந்து கேள்வியை எடுத்துக்கொண்டவருக்கே ஆய்வேடு அமையும். கடினமானது வேறொன்று. அமெரிக்காவில் 1974-ன் தேசிய ஆராய்ச்சிச் சட்டத்துக்கும் 1979-ன் பெல்மான்ட் அறிக்கைக்கும் பிறகு, பல்கலைக்கழகத்தில் மனிதர்களை ஆராய்பவர் பொதுவாக நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஆராயப்படுபவரின் ஒப்புதலையும் பெற வேண்டும். ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கிப் பேட்டி எடுப்பதற்கு இந்த நெறி பொருந்தும். அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டே வீட்டுக்காரம்மா சொன்ன மகளின் கதைக்கு எந்தத் தாளில் கையெழுத்து? அந்த அம்மா பேசியது ஆய்வாளரிடம் இல்லை. ஒன்றரை வருடமாகத் தன் வீட்டில் சாப்பிடும் பிள்ளையிடம். அதை ஆய்வேட்டில் எழுதினால் நம்பிக்கைத் துரோகம். எழுதாமல் விட்டால் கற்றவற்றில் மிக முக்கியமானது விடுபட்டுப்போகும். தெளிவான விதி எதுவும் இங்கே கைகொடுப்பதில்லை. திரும்பிப் போய் அந்த அம்மாவிடமே கேட்பதுதான் நேர்மையான வழி. கேட்டால் பெரும்பாலும் சிரித்துவிட்டு எழுதிக்கொள் என்பார். எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்ற கேள்வி அப்போதும் மிஞ்சும்.

நீண்ட நாள் வாழ்ந்தால் மனம் தானாகத் தெளியும் என்பதும் நிச்சயமில்லை. களப்பணியின் இலக்கணத்தை வகுத்த மாலினோவ்ஸ்கி ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் எழுதிய நாட்குறிப்பு அவர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்து, 1967-ல் வெளிவந்தது. சலிப்பும் எரிச்சலும் தீவு மக்கள்மீது இழிவான சொற்களும் அதில் நிறைந்திருந்தன. அவருடைய நூல்களில் காணப்படும் பரிவு முழுப் பொய் என்று சிலர் சொன்னார்கள். இபதானின் அஞ்சலட்டையை நினைவில் வைத்துப் பார்க்கும்போது, நாட்குறிப்பும் அதே வகையைச் சேர்ந்தது என்பது விளங்கும். இரண்டுமே ஊரார் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. நல்ல முதுகலைத் திட்டங்கள் மாணவர்களை நாட்குறிப்பு எழுதச் சொல்வது இதனால்தான். எரிச்சலை மறைப்பதற்குப் பதில், அது எந்த நாளில், எதைக் கண்டு, யார்மேல் வந்தது என்று குறித்துவைத்தால், பிறகு படிக்கும்போது அந்த எரிச்சலே தன் பண்பாட்டைப் பற்றிய தகவலாகிவிடும். வரிசை இல்லாத கூட்டத்தைக் கண்டு கோபப்படுபவர் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லிவிடுவதில்லை. வரிசையை ஒழுக்கமாக எண்ணப் பழகிய தன்னைப் பற்றித்தான் சொல்கிறார்.

இந்த ஏற்பாட்டின் அடிவேரையே மறுத்த குரலும் உண்டு. 1968 ஏப்ரல் 20-ல் மெக்சிகோவின் குவெர்னவாகாவில், கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் சிந்தனையாளர் இவான் இல்லிச் பேசினார். நல்லெண்ணத்தால் வரும் கேட்டைப் பற்றிய அந்தப் பேச்சு இன்றும் எல்லாப் பாடத்திட்டங்களிலும் இடம்பெறத் தகுந்தது. மொழி தெரியாமல், அழைப்பு இல்லாமல், தங்களால் நேரும் தீங்கை உணரக்கூட முடியாத நிலையில் அவர்கள் வருகிறார்கள் என்றார். உதவுவதாக வராதீர்கள், பார்க்கவும் படிக்கவும் வாருங்கள் என்பதே அவர் முடிவு. கூர்ந்து பார்த்தால், படிப்பையும் தொண்டையும் இணைக்கும் முறைக்கு இல்லிச் அரைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். கற்க வந்தவர் என்று சொல்லிக்கொள்பவரிடம் குறைந்தது ஒரு பொய் குறைவு. ஆனால் கற்றலுக்கும் செலவு உண்டு. அதை ஏற்பவர்கள் ஊரார். மொழி தப்பும்தவறுமாகப் பேசுபவரோடு நாள்தோறும் பொறுமையாகப் பேசுகிறவர்களும், வயிறு கெட்டுப் படுத்தவருக்குக் கஞ்சி வைப்பவர்களும், வழக்கம் தெரியாமல் செய்த பிழையைப் பெரியவர்களிடம் சொல்லிச் சமாதானம் செய்பவர்களும் பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலில் இல்லை. பயிற்சிக் காலத்தில் தங்கவைக்கும் குடும்பத்துக்குத் தொகை உண்டு. அதன்பிறகு வரும் இரண்டு ஆண்டுகளின் ஆசிரியர்களுக்கு ஒன்றுமில்லை.

படித்துவிட்டுப் போவதா, போய்விட்டுப் படிப்பதா என்ற கேள்விக்கும் நடைமுறையில் இரண்டு விடைகள் கிடைத்தன. 1985-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் தொடங்கிய இன்னொரு திட்டம், தொண்டை முடித்துத் திரும்பியவர்களுக்கு முதுகலைப் படிப்பில் உதவித்தொகை தந்தது. பின்னாளில் பால் கவர்டெல் பெயரால் அறியப்பட்ட அத்திட்டத்தில், மாணவர்கள் படிக்கும்போதே அமெரிக்காவின் வசதி குறைந்த பகுதிகளில் பணி செய்ய வேண்டும். திரும்பி வந்தவர்கள் நல்ல கேள்விகளோடு வகுப்புக்கு வருகிறார்கள். கோட்பாட்டைப் படிக்கும்போது ஒரு முகமும் ஒரு தெருவும் நினைவுக்கு வரும். ஆனால் களத்தில் இருந்தபோது எதைக் குறித்துவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. முன்னரே படித்துப் போனவரிடம் குறிப்பேடு நிரம்பியிருக்கும். அதில் கோட்பாடு சொல்லிவைத்த காட்சிகளே அதிகம் இருக்கும் அபாயமும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டால், படிப்பை இரண்டாகப் பிளந்து நடுவில் களத்தை வைத்த வடிவமே பண்பாட்டிடை உறவுகளுக்கு மிகப் பொருத்தமானது. முதல் பகுதி கருவிகளைத் தருகிறது. கடைசிப் பகுதி அந்தக் கருவிகளில் எவை உடைந்தன என்று பார்க்க நேரம் தருகிறது. பட்டத்தில் மிக மதிப்புள்ளது அந்தக் கடைசிப் பகுதி. பெரும்பாலும் அவசரமாக முடிக்கப்படுவதும் அதுதான்.

திரும்புவதும் ஒரு பயணமே. ஜான், ஜீன் கல்லஹார்ன் இருவரும் 1963-ல் எழுதிய ஆய்வில், வெளிநாட்டில் ஏற்பட்ட தவிப்பு தாயகம் திரும்பியபின் இன்னொரு முறை ஏற்படுவதைக் காட்டினார்கள். பல்பொருள் அங்காடியின் காலை உணவு வரிசை முன்னால் திகைத்து நிற்பது திரும்பிய தொண்டர்கள் பலரும் சொல்லும் அனுபவம். யாரும் கேட்காத கதைகள் கையில் மிஞ்சுகின்றன. வந்தவுடன் வேலை தேடி ஓட வேண்டியவருக்கு இந்தக் கதைகள் மெல்ல நான்கைந்து நிகழ்ச்சிகளாகச் சுருங்கி, விருந்துகளில் சொல்லும் சுவையான துணுக்குகளாகிவிடும். ஆய்வேடு எழுத உட்காருபவருக்கு அப்படிச் சுருங்க விடாத கட்டாயம் ஒன்று இருக்கிறது. நாட்குறிப்பின் தொடக்கப் பக்கங்களில் உறுதியாக எழுதிவைத்தவை பிற்பகுதியில் பொய்த்துப்போனதை அவர் மேற்கோளோடு காட்ட வேண்டியிருக்கும். தன் அறியாமையை நாளிட்டுப் பதிவுசெய்யும் வாய்ப்பு வேறு எந்தத் துறையின் பட்டத்திலும் இவ்வளவு நேராக வருவதில்லை.

2014-ல் பீஸ் கோர் விண்ணப்ப முறை மாறி, நாட்டையும் பணியையும் விண்ணப்பதாரரே தேர்ந்தெடுக்க முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல் திட்டம் நின்றது. கவர்டெல் உதவித்தொகை தொடர்கிறது. இளங்கலை மாணவர்களுக்கான ஆயத்தச் சான்றிதழ்த் திட்டமும் இருக்கிறது. நடுவில் களம் வைத்த வடிவம் அரசின் ஏற்பாடாக இப்போது இல்லை. வேண்டுபவர் தம் பல்கலைக்கழகத்தோடு பேசி, விடுப்பு வாங்கி, தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது உலகெங்கும் இருந்த ஏறத்தாழ ஏழாயிரம் தொண்டர்கள் ஒரே சமயத்தில் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பீஸ் கோரின் வரலாற்றில் அதுவே முதல் முறை. விடைபெற நேரமில்லாமல் பலர் புறப்பட்டார்கள். இலங்கையில் 1998-லும் இந்தியாவில் 1976-லும் திட்டமே மூடப்பட்டது. வரவேற்ற ஊர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், வந்தவர் எப்போது போவார் என்பதை ஊர் ஒருபோதும் தீர்மானித்ததில்லை.

பணி முடிந்தபின் ஒரு தொண்டரின் பெயரில் மூன்று வகை எழுத்து மிஞ்சுகிறது. நிறுவனத்துக்குக் காலவாரியாக அனுப்பிய அறிக்கைகள், பணி விவரம் கூறும் அரசுச் சான்று, பல்கலைக்கழக நூலகத்தில் சேரும் ஆய்வேடு. மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆய்வேடு இப்போது பெரும்பாலும் இணையத்தில் பொதுவில் கிடைக்கிறது. அந்த ஊரில் அன்று எட்டாம் வகுப்பில் அவரிடம் ஆங்கிலம் படித்த பெண், வளர்ந்து, தன் ஊரின் பெயரைத் தேடுபொறியில் இட்டால் அது கிடைக்கும். புனைபெயர் சூட்டியிருந்தாலும் எந்த வீடு, எந்த அம்மா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.